பரவாயில்லை என்றால் நம்பாதவர்

அவரை நான் அறிந்தது ஒரு சாய்தளத்தால்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்களைப் பழக்கி வீட்டுக்கு அனுப்புகிற மருத்துவமனை ஒன்றில், திருப்பதியில், நான் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். சக்கர நாற்காலி ஏறுவதற்காக முன்வாசலில் சாய்தளம் கட்டி முடித்திருந்தோம். கட்டியாயிற்று என்று ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்தார். சரியாகக் கட்டியிருக்கிறது என்று பொறியாளர் கையெழுத்திட்டார். பொறியாளரின் கையெழுத்து பொறியாளருடையதுதான் என்று நான் கையெழுத்திட்டேன். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை.

அப்போது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பெண்மணி, காலியான சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து பொறியாளருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“குந்துங்க சார்,” என்றார். “ஏறிக் காட்டுங்க.”

பொறியாளர் சிரித்தார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பொறியாளர் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சக்கரத்தை உருட்டி, பாதி தூரம் கௌரவமாக ஏறினார். மீதிப் பாதியில் கை ஓய்ந்துபோனது. நாற்காலி வந்த வழியே, வந்ததைவிட வேகமாக இறங்கி, குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவில் போய் நின்றது.

“எப்டி சார் கீது?”

இலைகளுக்கு உள்ளேயிருந்து பொறியாளர், “பரவால்ல மேடம்,” என்றார்.

“பரவால்லன்னா நான் நம்ப மாட்டேன். இன்னொரு வாட்டி ஏறுங்க.”

சாய்தளம் இடிக்கப்பட்டு, இன்னும் நீளமாக, மறுபடி கட்டப்பட்டது. இடித்ததற்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ‘அழகு கருதி’ என்று எழுதினேன்.

அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அடிபட்ட பிறகு சாப்பிடுவது, சட்டை போடுவது, பல் துலக்குவது முதலான அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குகிறவர். இந்தப் பெயரை எங்கள் வார்டில் யாரும் சொல்லி முடித்ததில்லை. நடக்கவும் நகரவும் பழக்குகிற பிசியோதெரபிஸ்ட் ‘கால் சார்’. இவர் ‘கை மேடம்’. நகரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். தினமும் காலையில் ரயிலேறி வருவார். குட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அதற்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற வெள்ளை ஷூ. டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருக்கும் இடத்தில் இவர் தையற்காரரின் அளவு நாடாவை மாட்டியிருப்பார். பெயரை எழுதவில்லை. எழுதினால், இதெல்லாம் நடந்ததற்கு என்ன அத்தாட்சி என்று எங்கிருந்தாவது போன் செய்து கேட்பார்.

யார் எதைச் சொன்னாலும் அவருக்குப் போதாது. செய்து காட்ட வேண்டும். இந்தக் குணம் நோயாளிகளோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு முறை பிரஷர் குக்கர் வாங்கப் போயிருக்கிறார். நன்றாக வேகும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் வேக வைத்துக் காட்டுங்கள் என்றாராம். கடைக்காரர் முதலில் வாதாடி, பிறகு பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையில் அரிசி வாங்கி வரச் செய்து, அடுப்பு கொண்டுவந்து, மூன்றாவது விசில் வரைக்கும் இவரோடு நின்றிருக்கிறார். சோறு நன்றாக வெந்திருந்தது. மூடியைத் திறக்க மணிக்கட்டை அதிகம் திருப்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லி வாங்காமல் வந்துவிட்டார்.

அவருடைய கணவர் பள்ளிக்கூட ஆசிரியர், சாது. ஏதோ வேலையாக ஒரு நாள் என் அறைக்கு வந்தவரிடம், வீட்டிலும் மேடம் இப்படித்தானா என்று கேட்டேன். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, “பரவால்ல சார்,” என்றார்.

நானும் தப்பவில்லை. என் அலுவலகத்தில் ஒரு விசாரணை ஜன்னல் இருந்தது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான விண்ணப்பம் அங்கேதான் வாங்க வேண்டும். ஒரு மத்தியானம் அவர் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, போய் ஒரு விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னார். நான் போனேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் கல்லின் அடிப்பாகமும், அதில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கமும்தான். விண்ணப்பம் வேண்டும் என்று மேலே பார்த்துச் சொன்னேன். மேலேயிருந்து என் குமாஸ்தாவின் குரல் அசரீரி மாதிரி வந்தது: “சாப்பாட்டுக்கு அப்பறம் வாங்க.” ஆளைப் பார்க்காமலே அப்படிச் சொல்லலாம் என்பது அவன் என்னிடம் கற்றதுதான். மறு வாரம் கல்லை வெட்டி இறக்கினோம். இப்போது ஆட்களின் முகம் தெரிய ஆரம்பித்ததில் குமாஸ்தாவுக்கு மிகுந்த வருத்தம்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் டாக்டரிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். அதில் வஞ்சகம் கிடையாது, மரியாதைதான். இவ்வளவு படித்த மனிதர் வேலை மெனக்கெட்டுக் கேட்கிறார், முடியவில்லை என்று சொல்லி அவர் மனசை நோகடிப்பானேன் என்று, ‘பரவால்ல சார்’ என்பார்கள். தெலுங்கில் கேட்டால் ‘பர்வாலேது’. இரண்டு மொழியிலும் ஒரே பதில். தானாகச் சாப்பிடுகிறாயா, பரவால்ல. தூக்கம் வருகிறதா, பரவால்ல. டாக்டர் அதை ‘நன்று’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். இவர் மட்டும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சத்தியவேடு பக்கத்து இளைஞன் ஒருவன் தானே சட்டை போட்டுக்கொள்வதாகச் சொன்னான். செஞ்சி காட்டு என்றார். போட்டுக்கொண்டான்தான். காலைக் காபிக்கு ஆரம்பித்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு முடிந்தது. இவர் எதிரே உட்கார்ந்து ஒரு பொத்தானுக்குக்கூட உதவவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பொத்தான்களை எல்லாம் சட்டையின் மேலே அழகுக்குத் தைத்துவிட்டு, உள்ளே ஒட்டுப்பட்டி வைத்துக் கொடுத்தார். தங்கை கல்யாணத்துக்கு அவன் அந்தச் சட்டையில்தான் போனான்.

இனி எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதன்தோறும் நோயாளிகளைப் பற்றி எல்லாரும் கூடிப் பேசுவார்கள். நான் குறிப்பு எடுப்பேன். ‘செயல்பாட்டுப் பிரச்சினைகள்’ என்பது அதில் முக்கியமான பகுதி. அதாவது, இந்த மனிதனால் இப்போது எதைச் செய்ய முடியவில்லை. எளிமையான கேள்விதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பேசுவதைக் கேட்டால் ஒரு கட்டிலில் ஐந்து நோயாளிகள் படுத்திருப்பதாகத் தோன்றும். அறுவை சிகிச்சை செய்கிற பெரிய டாக்டருக்கு நோயாளி என்றால் கால். நடப்பானா மாட்டானா என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை. மாட்டான் என்று தெரிந்துவிட்டால் அவருக்கு அந்த ஆளிடம் பேச்சு முடிந்தது. தலைமை சிஸ்டருக்கு நோயாளி என்றால் மூத்திரப்பையும் முதுகுப் புண்ணும். மனுஷன் வேளைக்கு ஒண்ணுக்குப் போய்விட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பார். கால் சாருக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. கவுன்சலருக்கு, மனசு. சிரித்தால் துக்கத்தை மறைக்கிறார், அழுதால் துக்கத்தை வெளிப்படுத்துகிறார். கை மேடத்துக்கு, இதில் எதை யார் கண்ணால் பார்த்தீர்கள் என்பது. ஒவ்வொருவரும் தங்கள் பிரச்சினைதான் முதல் பிரச்சினை என்று சொல்வார்கள். நான் அகர வரிசைப்படி எழுதிக்கொள்வேன். புகார் வராமல் இருக்க அது ஒன்றே வழி.

இந்தக் கூட்டத்துக்குத்தான் முனிரத்தினம் வந்து சேர்ந்தார்.

முனிரத்தினம் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தரகர். தோட்டக்காரர்கள் இறக்குகிற சரக்கை வெளியூர் வியாபாரிகளுக்கு விலை பேசி விற்றுக் கொடுப்பது தொழில். போன சீசன் கடைசியில், லோடு ஏற்றிய லாரியின் மேலே நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார். கயிறு கையோடு வந்துவிட்டது. மேலேயிருந்து விழுந்தார். கழுத்து. ஆபரேஷன் முடிந்து எங்களிடம் வந்தபோது காலிரண்டும் அசையவில்லை. தோளும் முழங்கையும் வேலை செய்தன. மணிக்கட்டை மேலே தூக்குவார். தூக்கினால் விரல்கள் ஐந்தும் சேர்ந்து தாமாக மடங்கும். தனித்தனியாக ஒரு விரலும் சொன்னபடி கேட்காது. ஆனால் விரல்களில் உணர்ச்சி இருந்தது. தொட்டால் எந்த விரல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

அவர் மனைவி கஸ்தூரி கூடவே இருந்தாள். மண்டியில் அவர் இடத்தில் கஸ்தூரியின் தம்பி உட்கார்ந்திருந்தான், தற்காலிகமாக. வேலைக்காலம் முழுக்கக் கோப்புகளில் அந்தச் சொல்லைப் பார்த்தவன் நான். அதைப் போல நிலைத்து நிற்கிற சொல் வேறு இல்லை. அடுத்த சீசன் தொடங்கும்போது முனிரத்தினம் மண்டியில் உட்கார்ந்து விலை பேசவில்லை என்றால் தோட்டக்காரர்கள் மச்சானுக்குப் பழகிவிடுவார்கள். பிறகு எந்தக் காலத்திலும் திரும்ப மாட்டார்கள். இதை முனிரத்தினம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் அவரவர் பிரச்சினைக்குத் திரும்பிப் போனார்கள்.

கை மேடமும்தான். அவர் பார்த்தவரையில் முனிரத்தினத்தின் பெரிய பிரச்சினை சாப்பாடு. கஸ்தூரிதான் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இவர் தோலில் ஒரு பட்டை தைத்து, அதில் ஸ்பூனைச் செருகி, உள்ளங்கையில் மாட்டி, வாரக்கணக்கில் பழக்கி, ஒரு புதன்கிழமை நோயாளியையும் ஒரு தட்டு உப்புமாவையும் கூட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். முனிரத்தினம் மேசைமீது பாதியும் வாயில் பாதியுமாகச் சாப்பிட்டு முடித்தார். எல்லாரும் கை தட்டினோம். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வாசலில் நின்றிருந்த கஸ்தூரிக்குத்தான் ஆத்திரம்.

“நான் ஊட்டுனா இன்னா கொறஞ்சி பூட்சி? பத்து வருசமா ஒரு வார்த்த பேசாத மனுசன், ஊட்டும்போதுதான் ரெண்டு பேச்சு பேசிகினு துன்னாரு. அதயும் புடுங்கிட்டாங்க.”

இது கை மேடத்தின் கணக்கில் இல்லாத விஷயம். அன்று முழுக்க அவர் யாரிடமும் எதையும் செய்து காட்டச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் துண்டு. முனிரத்தினம் எப்போதும் வலது கையின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருப்பதை சிஸ்டர் கவனித்து, கூட்டத்தில் சொன்னார். வார்டில் ஏசி அதிகம், கை சில்லிடுகிறது என்பது சிஸ்டரின் கருத்து. கவுன்சலர், அவர் தன் கையைப் பார்க்கவே கூசுகிறார், இழப்பை மனம் ஏற்கவில்லை என்றார். மூடிவைத்தால் கை இருப்பதையே மூளை மறந்துவிடும் என்று கால் சார். துண்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த ஆள் நடப்பானா என்றார் பெரிய டாக்டர். ஸ்பூனிலிருந்து சிந்துவதைத் துடைத்துக்கொள்கிறார், இன்னும் குழிவான தட்டு வேண்டும் என்றார் கை மேடம். ஐந்தையும் அகர வரிசையில் எழுதிக்கொண்டேன்.

ஐந்தும் தப்பு. அதைக் கண்டுபிடித்தது கை மேடம்தான், அதுவும் தற்செயலாக. விரல் நிஜமாகவே சில்லிட்டிருக்கிறதா என்று பார்க்க, துண்டுக்கு அடியில் தன் கையை விட்டிருக்கிறார். முனிரத்தினத்தின் கை பழக்கதோஷத்தில் அவர் விரல்களைப் பிடித்துவிட்டது.

“இன்னா பண்ற?”

முனிரத்தினம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “வெல சொல்றேன்க்கா.”

“இன்னா வெல?”

“பெங்களூரா மாங்கா. டன்னு மூணு. ஆனா மூணு சொன்னா அஞ்சாப் பூடுது.”

மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் வியாபாரியும் கையோடு கை சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விலை சொல்கிறவர் எதிராளியின் விரலைப் பிடிப்பார். ஒரு விரல் என்றால் ஒன்று, மூன்று விரல் என்றால் மூன்று, கை முழுவதும் என்றால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் விலையை மாற்றிச் சொல்கிறவனிடம் யாரும் சரக்கு இறக்க மாட்டார்கள். முனிரத்தினத்தால் இப்போது மூன்று விரலைப் பிரித்துப் பிடிக்க முடியாது. பிடித்தால் ஐந்தும் பிடிபடும். அவர் என்ன நினைத்தாலும் அவர் கை ஐந்து என்றுதான் சொல்லும். மாதக்கணக்காக அந்த மனிதர் துண்டுக்கு அடியில் தன்னந்தனியாக மூன்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வாயால் சொன்னால் என்ன என்று கேட்டாராம் கை மேடம். நடு மண்டியில் வேட்டியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி முனிரத்தினம் அவரைப் பார்த்தாராம். போனில் எண்ணைத் தட்டிக் காட்டலாமே என்றதற்கு, அதை அப்படியே போட்டோ பிடித்து அடுத்த மண்டிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பதில். அன்று சாயந்திரம் அவர் என் அறைக்கு வந்து, நான் எழுதியிருந்த பிரச்சினைகளின் வரிசையை ஒரு முறை படித்துவிட்டு, “நாமெல்லாம் இன்னா படிச்சோம் சார்,” என்றார். நான் வணிகவியல் என்றேன்.

மறுநாளிலிருந்து வார்டு மண்டியானது. விலையை அவர் சொல்ல வேண்டாம், வியாபாரியே சொல்லட்டும் என்று ஏற்பாடு. வியாபாரி விரலைப் பிடிப்பார். எத்தனை விரல் என்று முனிரத்தினத்துக்குத் தெரியும். சம்மதம் என்றால் மணிக்கட்டைத் தூக்க வேண்டியது. இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டியது. வியாபாரியாக யார் கிடைத்தாலும் பிடித்துவந்தார். வார்டு பாய், எக்ஸ்ரே எடுப்பவர், ஒரு நாள் நான். எனக்குச் சர்க்கரை, மாம்பழத்தைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அப்படியும் ஒரு லாரி பேனிஷா மாங்காய் வாங்க வேண்டியிருந்தது. நான் இரண்டு விரலைப் பிடித்தேன். முனிரத்தினம் என்னைப் பார்த்த பார்வையில், என் சம்பளம் உட்பட எல்லாமே குறைவாகத் தோன்றியது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. இழுப்பு. தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அது சகஜம். தசை தன் பாட்டுக்கு இறுகிக்கொள்ளும், மனிதனைக் கேட்காது. முனிரத்தினத்துக்கு யாராவது விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சில சமயம் கை முழுக்க இழுத்து, எதிராளியின் கையைக் கவ்விக்கொள்ளும். விடுபடக் கொஞ்ச நேரமாகும். அந்த நேரத்தில் மணிக்கட்டும் அவர் சொன்னபடி கேட்காது. பெரிய டாக்டர் மாத்திரை எழுதினார். கூட்டினால் முனிரத்தினம் விலை பேசும்போதே தூங்கினார். குறைத்தால் இழுத்தது. நடுவாக ஒரு அளவில் நிறுத்தினோம்.

“மண்டில மட்டும் அது வந்துச்சி, அவ்ளோதான் சார்,” என்றார் கை மேடம் என்னிடம். அவர் குரலில் பயத்தை நான் கேட்டது அப்போதுதான்.

சீசன் தொடங்கியது. நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க மருத்துவமனையின் வண்டி எடுக்கலாம், கூட ஓர் அதிகாரி போக வேண்டும் என்பது விதி. மண்டிக்குப் போகலாம் என்று விதி இல்லை. போகக் கூடாது என்றும் இல்லை. ‘பணியிடம்’ என்று எழுதி நானே கையெழுத்திட்டு நானே வண்டியில் ஏறினேன். சித்தூர் தாண்டியதிலிருந்து கை மேடம் அளவு நாடாவைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். முனிரத்தினம் எதிரே வருகிற டிராக்டர்களின் லோடைப் பார்த்து, காய் சின்னது, காய் பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

மண்டியில் வைக்கோல்மேல் மாங்காய் மலையாகக் குவிந்திருந்தது. காம்புப் பால் வாசனை மூக்கில் ஏறியது. எடை மேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சான். “வாங்க மாமா,” என்று மரியாதையாக எழுந்தான். எழுந்தவன் ஒரு கையை நாற்காலி முதுகிலிருந்து எடுக்கவில்லை. கார்வேட்டிநகரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், பழைய பழக்கத்துக்காக, ஒரே ஒரு டிராக்டர் லோடை முனிரத்தினத்திடம் விட ஒப்புக்கொண்டிருந்தார். அதையும் எல்லார் முன்னாலும் சொன்னார்.

“இன்னிக்கி ஒரு லோடு உங்கையில முனிரத்னம். நாளைக்கி எங்க எறக்கறதுன்னு அப்பறமாப் பாத்துக்கலாம்.”

வாங்க வந்தவர் சென்னை வியாபாரி, பருத்த ஆள். மணிக்கட்டு எழுந்தால் சம்மதம் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தோம். அவருக்கு முனிரத்தினத்தின் கையைத் தொடவே தயக்கம். எங்கேயாவது வலித்துவிடுமோ என்று. “புடிங்க, ஒண்ணும் ஆவாது,” என்று கை மேடம் அவர் கையைப் பிடித்துத் துண்டுக்கு அடியில் வைத்தார். கூட்டம் நெருங்கியது. உள்ளே நடந்ததைப் பிற்பாடு முனிரத்தினம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வியாபாரி மூன்று விரலைப் பிடித்திருக்கிறார். அன்றைய நிலவரத்துக்கு நாலு கிடைத்தால் தோட்டக்காரருக்குத் திருப்தி. முனிரத்தினம் சும்மா இருந்தார். வியாபாரி மறுபடியும் மூன்றையே பிடித்து, அழுத்தினார். அழுத்தியபடியே வைத்திருந்தார்.

இழுத்துக்கொண்டது.

துண்டு ஒரு தரம் துள்ளியது. முனிரத்தினத்தின் முன்கை மெல்ல நடுங்குவது எனக்கே தெரிந்தது. ஐந்து விரலும் வியாபாரியின் கையை மொத்தமாகக் கவ்வியிருந்தன. ஐந்து. கேட்டவன் எழுந்து போகிற விலை. மச்சான் எட்டிப் பார்த்தான். கை மேடம் ஒரு அடி முன்னால் வந்து, “சார், அது வந்து ஒரு இழுப்பு...” என்று ஆரம்பித்தார்.

முனிரத்தினம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை.

“அக்கா,” என்றார், “டீ சொல்லுங்க.”

பெரிய டாக்டர் சொல்லியே கேட்காதவர், போய் டீ சொன்னார்.

வியாபாரி நாலைப் பிடிக்கப் பார்த்தார். கவ்விய கை விடவில்லை. இழுத்துப் பார்த்தார், இன்னும் இறுகியது. “இன்னா மனுசன்யா, புடிச்ச புடி உட மாட்டேன்றான்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார். முனிரத்தினம் தூரத்தில் மாங்காய்க் குவியலைப் பார்த்தபடி இருந்தார். சம்மதம் என்று மணிக்கட்டைத் தூக்க அவர் ஆசைப்பட்டிருந்தாலும் அப்போது முடிந்திருக்காது. வியாபாரிக்கு அது தெரியாதே. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. கடைசியில் சிரமப்பட்டு நாலு விரலையும், ஐந்தாவதில் பாதியையும் தொட்டார். நாலரை. அந்த நேரம் பார்த்து இழுப்பு தளர்ந்தது. மணிக்கட்டு எழுந்தது. துண்டு விலகியது.

முனிரத்தினம் தோட்டக்காரரைக் குனியச் சொல்லிக் காதில் விலையைச் சொன்னார். தோட்டக்காரர் நிமிர்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு, டிராக்டர் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டார். “பின்னால வர்ற வண்டியயும் இங்கியே உடச் சொல்லு.” மச்சான் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டான். உட்கார அல்ல; முனிரத்தினத்துக்கு நிழல் வர, தார்ப்பாயை இழுத்துக் கட்ட.

டீ வந்தபோது கை மேடம் முதல் கப்பைச் சென்னை வியாபாரிக்குக் கொடுத்தார்.

சீசன் நடுவில் முனிரத்தினம் மறுபரிசோதனைக்கு வந்தார். புதன்கிழமை. எங்கள் கூட்ட வரலாற்றிலேயே முதல் தடவையாக மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே பிரச்சினையைச் சொன்னார்கள். இழுப்பு. அதனால் தூக்கம் கெடுகிறது என்றார் சிஸ்டர். நாற்காலிக்கு மாறும்போது சறுக்கிவிடுவார் என்றார் கால் சார். எரிச்சலின் அறிகுறி என்றார் கவுன்சலர். புது மாத்திரை வந்திருக்கிறது, பகலில் தூங்கி விழ மாட்டார், இழுப்பை அடியோடு நிறுத்திவிடலாம் என்று பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். அகர வரிசைக்கே அவசியமில்லாமல் போனது.

“காலுக்கு வேணா குடுங்க சார்,” என்றார் முனிரத்தினம். “கை அப்டியே இருக்கட்டும்.”

மாத்திரைக்குக் கை எது கால் எது என்று தெரியாது என்றார் பெரிய டாக்டர். அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்றார் முனிரத்தினம். ஏன் என்று டாக்டர் கேட்க, அவர் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருக்க, கை மேடம்தான் மண்டியில் நடந்ததை எடுத்துச் சொன்னார். இப்போதெல்லாம் வியாபாரிகள் அவர் கையைப் பிடிக்கும் முன்பே அரை கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். பெரிய டாக்டர் நம்பவில்லை. பிடித்து அழுத்தினால் வரும்தானே, பார்த்துவிடலாம் என்று முனிரத்தினத்தின் விரல்களைப் பிடித்தார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று அந்தக் கையைப் பார்த்தோம். வரவில்லை. கால் சார் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். வரவில்லை. சிஸ்டர் கிள்ளிப் பார்த்தார். கை மேசையின்மேல் சாதுவாகக் கிடந்தது.

எப்போதுதான் வரும் என்று கேட்டார் டாக்டர், கொஞ்சம் கோபமாகவே.

“எனக்கே தெரியாது சார். தெரிஞ்சா என் மூஞ்சிலயே தெரிஞ்சிரும். வாங்க வர்றவன் படிச்சிருவான்.”

டாக்டர் கை மேடத்தைப் பார்த்தார். கை மேடம் முனிரத்தினத்தைப் பார்த்தார். பிறகு, இருக்கிற மாத்திரையே இருக்கட்டும் சார் என்றார். டாக்டர் பேனாவை மூடினார். இதைப் பிரச்சினை என்று எழுதுவதா, தீர்ந்தது என்று எழுதுவதா, எந்தத் தலைப்பின் கீழ் கொண்டுவருவது என்று நான் கேட்டேன்.

முனிரத்தினம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், நீங்க பேசிகினு இருங்க. நான் கெளம்பறேன். மண்டில நீலம் மாங்கா எறங்கிகினு கீது.”